கார் பறக்கிறது, படத்தில் மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். 70–300 மி.மீ. லென்ஸில் ஒரே நாளில் தொள்ளாயிரம் படங்கள் எடுத்தேன். ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்கு ஒளி உள்ளே வரும் நேரம், 1/2000 நொடி. எல்லாம் தெளிவாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு காரும் ஷோரூமில் நிறுத்தி வைத்ததுபோல் இருக்கிறது. விலை கூடிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் லென்ஸே போதும். கார் வேகமாகப் போகிறது, ஆகவே ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள். முதன்முதலாகப் பந்தயத்துக்குக் கேமராவோடு வருகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த நினைப்பை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. 1/2000 நொடியில் அது நகர்வது வெறும் இரண்டரை சென்டிமீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 25 முறை சுழல்கிறது. 1/2000 நொடியில் சுழல்வதோ நாலரைப் பாகைதான். சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம், டயரில் எழுதியிருக்கும் பெயரையும் படித்துவிடலாம். பார்ப்பவருக்கு அது நிற்கிற கார்தான்.

அதே காரை 1/125 நொடியில் எடுங்கள். சக்கரம் 72 பாகை சுழன்றிருக்கும். ஐந்து ஆரங்கள் கொண்ட சக்கரமானால், ஒவ்வோர் ஆரமும் அடுத்த ஆரம் இருந்த இடம்வரை இழுபட்டு, முழுச் சக்கரமும் ஒரு மங்கலான வட்டமாகக் கரைந்துவிடும். வேகம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது அங்கேதான். ஆனால் அந்த 1/125 நொடிக்குள் கார் 40 சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். கேமரா அசையாமல் நின்றால் காரும் சேர்ந்து கரைந்துவிடும். எனவே கேமராவும் காரோடு திரும்ப வேண்டும். ‘பானிங்’ என்று சொல்வது இதைத்தான். கார் கூர்மையாக நிற்கும், தரையும் வேலியும் மரங்களும் கோடுகளாக ஓடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1/125 என்பது மந்திர எண் அல்ல. வண்டியின் வேகம் குறைந்தால் ஷட்டரையும் குறைக்க வேண்டும். இறுக்கமான வளைவில் 80 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிட்ட காரை 1/125-இல் எடுத்தால் சக்கரம் முப்பது பாகைகூடப் பெரிதாகத் தாண்டாது. அங்கே 1/60 வேண்டும். நேர்ப்பாதையில் 200 தாண்டிப் போகும் காருக்கு 1/200-கூட நன்றாக வேலை செய்யும்.

‘அவ்வளவு வேகமாகப் போகும் காரை நான் எப்படிக் கேமராவோடு தொடர்வேன், அதற்குப் பயிற்சி எடுக்கப் பந்தயத் தடம் வேண்டாமா’ என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். உங்கள் உடல் சந்திப்பது காரின் வேகத்தை அல்ல, அது உங்கள் முன்னால் எவ்வளவு விரைவில் கோணம் மாறுகிறது என்பதைத்தான். 36 மீட்டர் தள்ளி 180 கி.மீ. வேகத்தில் போகும் பந்தயக் காரும், 8 மீட்டர் தள்ளி 40 கி.மீ. வேகத்தில் போகும் ஸ்கூட்டரும் உங்கள் இடுப்பை ஒரே வேகத்தில்தான் திருப்ப வைக்கின்றன. வேகத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரே விடை வரும். எனவே உங்கள் தெரு முனை போதும். நடைபாதையில் பத்திரமான இடமாகப் பார்த்து நின்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போகிற வருகிற இருசக்கர வாகனங்களை 1/60-இல் எடுங்கள். நான்கு வாரம் அப்படிச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பந்தய நாளில் இருக்கும் வேறுபாட்டை எந்த லென்ஸாலும் ஈடுகட்ட முடியாது.

உடலை வைத்துக்கொள்ளும் முறைதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. கார் வரும் திசையை நோக்கிக் கால்களை ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வரும் பழக்கம். அது தவறு. எந்த இடத்தில் படம் எடுக்கப் போகிறீர்களோ அந்த இடத்துக்கு நேராகப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கிக்கொண்டு கார் வரும் பக்கம் திரும்புங்கள். கார் நெருங்க நெருங்க அந்த முறுக்கு அவிழும். படம் எடுக்கும் கணத்தில் உடல் தளர்ந்து, நேராக, வசதியாக இருக்கும். மாறாகக் காரை நோக்கிக் கால் ஊன்றினால், முக்கியமான கணத்தில்தான் உடல் முறுக்கேறி நடுங்கும்.

முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடது கை லென்ஸைக் கீழிருந்து தாங்கட்டும். கைகள் அசையக் கூடாது, இடுப்புதான் திரும்ப வேண்டும். காரைத் தொலைவிலேயே பிடித்துவிடுங்கள். அது உங்கள் எதிரே வருவதற்கு இரண்டு நொடி முன்பே அதன் ஓட்டம் உங்கள் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் நிறுத்திவிடாதீர்கள். பந்தை அடித்த பிறகும் மட்டை சுழன்று முடிவதுபோல், படம் எடுத்த பிறகும் கேமரா காரோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். பட்டனைக் குத்துகிற பழக்கம் இருந்தால் கேமரா கீழே இறங்கும். காரின் மேல் செங்குத்தான ஓர் அதிர்வு தெரிந்தால் காரணம் அதுதான். மெல்ல அமுக்குங்கள்.

காரில் எந்தப் பகுதியைத் தொடர்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கூரையில்லாத ஃபார்முலா வண்டியானால் ஓட்டுநரின் ஹெல்மெட். கூரை உள்ள காரானால் கதவில் எழுதிய எண். இது ஏன் முக்கியம் என்றால், காரின் மூக்கும் வாலும் ஒரே வேகத்தில் உங்களைக் கடப்பதில்லை. அருகில் இருக்கும் பகுதி வேகமாகக் கோணம் மாறும், தள்ளி இருப்பது மெதுவாக மாறும். 1/30 போன்ற மெதுவான ஷட்டரில் இரண்டையும் ஒருசேரக் கூர்மையாகப் பிடிக்கவே முடியாது. ஹெல்மெட் கூர்மையாக இருந்து வால் சற்றுக் கரைந்திருந்தால் அது நல்ல படம். வால் கூர்மையாக இருந்து ஹெல்மெட் கரைந்திருந்தால் அழித்துவிடலாம்.

இடத் தேர்வு எவ்வளவு உதவும் என்பதும் இங்கிருந்துதான் புரியும். சீரான வளைவு ஒன்றின் உட்புறத்தில், அதன் மையத்தை ஒட்டி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் உங்களைச் சுற்றி ஒரு வட்டத்தின் பகுதியில் போகிறது. தூரம் மாறுவதில்லை, அதனால் ஃபோகஸ் அலைபாய்வதில்லை. காரின் ஒரே பக்கம்தான் கடைசிவரை உங்களைப் பார்க்கிறது, அதனால் மூக்கிலிருந்து வால்வரை ஒரே சீராகக் கூர்மையாக வரும். ஒரே காரை, ஒரே ஷட்டர் வேகத்தில், வளைவின் வெளிப்புறத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். கார் உங்கள் கண் முன்னே திரும்பிக்கொண்டே போகும், பாதி உடல் கரைந்துபோகும். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் அதன் முழுச் சுற்று 3.717 கி.மீ., வளைவுகள் 12. பார்வையாளருக்கு எல்லா வளைவும் கிட்டாது. கிடைக்கும் இடங்களில் எது உட்புறம், எங்கே கார் உங்களைச் சுற்றிப் போகிறது என்று காலையிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருப்பது என் வழக்கம்.

அடுத்தது பின்னணி. பானிங் செய்யும்போது பின்னணி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் ஒரே அளவில்தான் இழுபடும். கேமரா திரும்பும் கோணம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஆனால் இழுபடுவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். வெறும் வானத்தின் முன்னால் எடுத்தால் கோடே விழாது. எவ்வளவு அழகாகப் பான் செய்தாலும் கார் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். மரங்கள், வண்ண விளம்பரப் பலகைகள், டயர் அடுக்குகள், கூட்டம் இவையெல்லாம் நல்ல பின்னணி. வெள்ளை வேன் ஒன்று நிற்கிறதென்றால் அது காரின் தலைக்குப் பின்னால் பட்டை அடித்ததுபோல் விழும், பத்தடி தள்ளிப் போய்விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய படத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1894-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்றி லார்திக், தம் பதின்வயதின் முடிவில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஒரு பந்தயக் காரைப் படம் பிடித்தார். 1912 என்ற தேதியோடு பல ஆண்டுகள் அச்சிடப்பட்ட படம் அது. காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாலையோரம் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். கார் படச்சட்டத்துக்கு வெளியே பாதி போய்விட்டது. இலக்கணப்படி பார்த்தால் எல்லாமே பிழை. ஆனால் அந்தக் காலத்துக் காரின் வெறியோட்டத்தை அதைவிட நேராகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை. 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகே உலகம் அவரை அறிந்துகொண்டது.

அந்தச் சாய்வு எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு குறுகிய பிளவு. அது படம் பதியும் தகட்டின் குறுக்கே மெதுவாக நகர்ந்தது. காட்சியின் கீழ்ப்பகுதி முதலில் பதிந்தது, மேற்பகுதி சற்றுத் தாமதித்துப் பதிந்தது. இளைஞர் காரோடு கேமராவைத் திருப்பினார், ஆனால் கார் அவரை முந்தியது. ஆகவே கார் முன்னால் சாய்ந்தது, அவர் கடந்துபோன மனிதர்கள் பின்னால் சாய்ந்தார்கள். கார் எந்த வேகத்தில் போனது, பையனின் கை எந்த வேகத்தில் திரும்பியது என்ற இரண்டும் அந்தத் தகட்டில் எழுதப்பட்டிருக்கின்றன.

இதே நிகழ்வு நூறு ஆண்டு கழித்து நம் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. கைப்பேசிகளும், மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள எலக்ட்ரானிக் ஷட்டரும் காட்சியை வரிசை வரிசையாகத்தான் படிக்கின்றன. பல கேமராக்களில் சத்தமில்லாத அந்த நிலையில் எடுத்தால் கம்பங்கள் சாயும், சக்கரங்கள் நசுங்கும். லார்திக்கின் படத்தில் அழகாக இருந்தது நம் படத்தில் பெரும்பாலும் அலங்கோலமாகத்தான் இருக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு வருவோம். நண்பகலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100 வைத்து 1/60-இல் எடுத்தால் லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப்/20 வரை (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) சுருக்க வேண்டிவரும். அவ்வளவு சுருக்கினால் படத்தின் கூர்மை மழுங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசெல்லாம் கரும்புள்ளிகளாக எழும்பும். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் இதற்குச் செய்யுங்கள்: உங்கள் லென்ஸின் முன்வளைய அளவுக்கு ஓர் என்.டி. 8 ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி). அது மூன்று நிறுத்தம் ஒளியைக் குறைக்கும் (ஒவ்வொரு நிறுத்தமும் ஒளியைப் பாதியாக்கும்), எஃப்/7-ஐ ஒட்டி வேலை செய்யலாம். போலரைசர் ஃபில்டர் இருந்தால் அதுவும் ஒன்றரை, இரண்டு நிறுத்தம் குறைக்கும். கூடவே காரின் முன்கண்ணாடிப் பளபளப்பை அகற்றி ஓட்டுநரைக் காட்டும். காலை பதினொன்றுக்கு மேல் தார்த்தடத்திலிருந்து கிளம்பும் கானலை எந்த ஃபில்டரும் நீக்காது. 300 மி.மீ.-இல் தொலைவிலுள்ள கார் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். அதைக் கேமராவின் குறை என்று எண்ணிப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நடுப்பகலில் கார்களைச் சரிபார்க்கும் பிட் பகுதியின் முகங்களையும் மெக்கானிக்குகளின் கைகளையும் எடுங்கள். தடத்துக்குக் காலையும் நாலு மணிக்கு மேலும்தான் நேரம்.

கேமரா அமைப்பில் அதிகம் குழம்ப வேண்டாம். ஷட்டருக்கு முதலிடம் தரும் நிலை (டயலில் ‘எஸ்’ அல்லது ‘டிவி’), தொடர் ஃபோகஸ், மிதமான வேகத்தில் தொடர் படங்கள். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், கேனானிலும் சோனியிலும் ‘மோட் 2’ என்ற நிலை பானிங்குக்கானது. அது மேல்கீழ் அசைவை மட்டும் தடுக்கும். நிக்கானின் சாதாரண வி.ஆர். (அதன் நடுக்கத் தடுப்பு) பானிங்கைத் தானே கண்டுகொள்ளும். ‘மோட்’ சுவிட்ச் இல்லாத லென்ஸானால் அந்த வசதியை இயக்கியும் அணைத்தும் எடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) கனமான லென்ஸுக்குத் துணை, உங்கள் லென்ஸுக்குச் சுமை.

1/2000-ஐ ஒரேயடியாகத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. கார் நேர் எதிரே வரும்போது சக்கரத்தின் ஆரம் கண்ணில் படாது, கோணமும் மாறாது. அங்கே பானிங்குக்கு வேலையில்லை. 1/1000-க்கு மேல் வையுங்கள். ஆனால் அப்போது வேகத்தை வேறு ஏதாவது சொல்ல வேண்டும்: வளைவின் விளிம்புக்கட்டையில் ஏறித் தரையை விட்டுத் தூக்கிய உட்சக்கரம், பிரேக்கில் மூக்கு தாழ்ந்து வால் எழும் நிலை, மழையில் பின்னால் எழும் நீர்த்திரை, ஒன்றின் பின் ஒன்று ஒட்டி வரும் மூன்று கார்கள். முதல் சுற்றின் முதல் வளைவு இதற்கென்றே படைக்கப்பட்டது. எதிரே வரும் கார் நொடிக்கு 50 மீட்டர் நெருங்குவதால், நொடிக்குப் பத்துப் படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து மீட்டர் வந்துவிடும். ஃபோகஸைத் தரையில் ஒரு புள்ளியில் முன்பே நிறுத்திவிட்டு, கார் அங்கே வரும்போது எடுப்பதே நம்பகமானது.

கம்பிவேலி உங்களுக்குத் தொல்லை தந்திருக்கும். லென்ஸின் வாயை வேலிக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். துளையைப் பெரிதாகத் திறந்து, நீளமான குவியத்தில் (300 மி.மீ. பக்கம்) எடுங்கள். வெயில் படாத பகுதியில் உள்ள கம்பி கரைந்து மறையும், வெயில் படும் கம்பி வெண்படலமாகத் தங்கும். நிழல் விழுந்த வேலியைத் தேடி நிற்க வேண்டும்.

இரவுப் பந்தயம் கிடைத்தால் விடாதீர்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியிருந்து மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன சென்னைத் தெருப் பந்தயம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. தடத்தில் மின்விளக்கொளியில் நடந்தது. பானிங்குக்கு இரவைப்போல் பின்னணி இல்லை. இருள் தானாகவே குப்பைகளை மறைத்துவிடும். விளக்குகள் மட்டும் நீண்ட ஒளிக்கோடுகளாக ஓடும். பிரேக் அழுத்தும்போது சக்கரத்துக்குள் பிரேக் தட்டு செந்தணலாக ஒளிர்வதையும் பிடிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்துக்குப் படம் ஒளி மாறாது. ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டுநரின் கண்ணில் அது படும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் குற்றமாகிவிடும். வியூஃபைண்டருக்குள் பார்க்கும் கண்ணுக்கு ஆபத்து சிறியதாகத் தெரியும். தடத்தில் வேலி இருக்கிறது, மார்ஷல்கள் (தடத்தின் பாதுகாப்பு அலுவலர்கள்) இருக்கிறார்கள். சாதாரணச் சாலைகளிலும் மண்பாதைகளிலும் நடக்கும் ராலியில் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது. 1986-இல் போர்ச்சுகல் ராலியில் சாலையை அடைத்து நின்ற கூட்டத்துக்குள் ஒரு கார் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். ராலியில் வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். பிடி தவறிய கார் அந்தப் பக்கம்தான் வரும். உயரமான இடம் தேடுங்கள், பின்வாங்க வழி வைத்துக்கொள்ளுங்கள். வலது கண் கேமராவில் இருந்தாலும் இடது கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பழகுங்கள். மார்ஷல் தள்ளிப் போகச் சொன்னால் விவாதம் வேண்டாம், ஒரு நல்ல படம் தவறினாலும் சரி. காதுக்கு அடைப்பான் கட்டாயம். அது இல்லாமல் பல ஆண்டுகள் தடத்தோரம் நின்றதற்கு இன்று என் இடது காதில் ஓயாத ரீங்காரம் இருக்கிறது.

அடுத்த பந்தயத்துக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்துக்கே போய்விடுவேன். கூட்டம் குறைவு, கார்கள் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வரும். 1/250-இல் தொடங்கி, பத்துக்கு ஐந்து கூர்மையாக வந்ததும் 1/125-க்கு இறங்குவேன். அங்கேயும் கை பழகியதும் 1/60. ஞாயிறு பந்தயத்தில் முதல் சுற்றுக்கு 1/1000, நடுச்சுற்றுகள் முழுவதும் 1/125, கடைசிச் சுற்றுகளில் கையில் போதுமான படம் இருக்கும்போது மட்டும் 1/30. நூற்றுக்கு மூன்று தேறினால் 1/30-க்கு அது நல்ல கணக்கு, என் கையிலும் அதற்கு மேல் தேறுவதில்லை. அந்த மூன்றில் ஒன்றை வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள், ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் ஓட்டுநர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.